சோப்பு டப்பாவில் ஒரு சிவப்பு அம்பு

அத்தை,

நேற்று மதியம் பொங்கலுக்காகக் குளியலறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு டப்பாவைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் மட்டும் நிறம் தங்கியிருந்தது. நீங்கள் ஒட்டியது. ஒன்றரை வருடம் தண்ணீரிலும் நுரையிலும் கிடந்தும் உரியவில்லை. இன்னும் சோப்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தேகம். மற்ற எல்லாப் பொருள்களிலிருந்தும் அம்பை நீங்களே உரித்து எடுத்தீர்கள். இதை மட்டும் மறந்துவிட்டீர்களா, வேண்டுமென்றே விட்டுவைத்தீர்களா? நீங்கள் மறக்கிற ஆள் இல்லை. அந்தச் சோப்பின் மீது உங்களுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் அப்பாவின் அக்கா. வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில், எங்கள் கதவுக்கு அடுத்த கதவு உங்களுடையது. மாமா போன பிறகு தனியாக இருந்தீர்கள். படுக்கை அங்கே, சோறு எங்களோடு. பனியன் கம்பெனியில் உங்களுக்குச் செக்கிங் வேலை. ஒருமுறை நம் சாப்பாட்டு மேசையிலேயே எனக்குச் செய்து காட்டினீர்கள். பனியனை விரிப்பீர்கள். முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, அக்குள், கை, அடிமடிப்பு. எப்போதும் அதே வரிசை. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் பக்கத்தில் ஓர் அம்பு. ஒன்றும் இல்லையென்றால் மேசையில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. "பாஸ்."

அந்த வேலையை நீங்கள் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு வந்ததே இல்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பீர்கள். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுக்கிற தக்காளியை வாங்க மாட்டீர்கள். எனக்கு அறிவியலில் தொண்ணூற்றெட்டு வந்தபோது வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நீங்கள் மட்டும், "அந்த ரெண்டு மார்க்கு எங்க கண்ணு போச்சு? டீச்சரம்மா எதுக்குப் புடிச்சாங்க?" என்று கேட்டு, விடைத்தாளை எடுத்துவரச் சொல்லி, அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சிரித்தீர்கள்.

மாதத்துக்கு ஒருமுறை ஒரு பையை என் மடியில் வைப்பீர்கள். கம்பெனியில் கழித்துப் போட்டு, வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற ரிஜெக்ட் பனியன்கள். ஒன்றில் கையோரம் ஒரு தையல் விட்டிருக்கும், இன்னொன்றில் கடுகளவு கறை இருக்கும். அம்பை முதலிலேயே உரித்துவிட்டு, "எங்க இருக்குதுன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்பீர்கள். நான் கண்டுபிடித்ததும் கழுத்தோரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, அப்படியே மாட்டிவிடுவீர்கள். புதுத்துணியை நனைத்துவிட்டு உடுத்தினால் அது புதுத்துணியே இல்லை என்பது நம் வீட்டு வழக்கம். நான் அவற்றைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். பள்ளிச் சட்டைக்கு உள்ளேயும் அவைதான்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆனபோது அரிப்பு வந்தது. முதலில் கழுத்தில், பிறகு அக்குளில், பிறகு இடுப்பைச் சுற்றி. சிவப்புச் சிவப்பாகச் சிறு தடிப்புகள். சொறிந்தால் ஒரு நிமிடம் சுகம், அப்புறம் எரிச்சல்.

"கத்திரிக்காயும் கருவாடுமாத் தின்னா அரிக்காம என்ன பண்ணும்?" என்றாள் அம்மா.

"தண்ணிதாங்க்கா," என்றார் அப்பா உங்களிடம். "போரு தண்ணி உப்புக் கரிக்குது. குளிச்சா உடம்பு அரிக்கத்தான் செய்யும்."

நீங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். "ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா ஆகுமா? லாட்டு லாட்டாப் பிரிச்சுப் பாத்தாத்தான் டிபெக்ட் எங்க இருக்குதுன்னு தெரியும்."

மறுநாள் உங்கள் டிபன் பையிலிருந்து பாதி தீர்ந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று வந்தது. "சூப்பர்வைசருகிட்டக் கேட்டுத்தான் வாங்கியாந்தேன்" என்று நான் கேட்காமலேயே சொன்னீர்கள். அன்று சாயங்காலம் வீடு முழுக்க அம்பு முளைத்தது. கத்திரிக்காய்க் கூடையில், தேங்காயெண்ணெய்ப் பாட்டிலில், குளியல் சோப்பு டப்பாவில், துணி சோப்பில், என் பள்ளிப் பையின் வாரில், தலையணையில். பக்கத்து வீட்டுப் பூனை தப்பித்து ஓடிவிட்டது. முருகன் படத்துக்கு முன்னால் இருந்த விபூதித் தட்டிடம் போனதும் உங்கள் கை நின்றது. "சாமியைப் போயி சந்தேகப்படக் கூடாது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். இரண்டடி நகர்ந்து, திரும்பி வந்து, "விபூதிப் பாக்கெட்ட மட்டும் மாத்திப் பாப்போம், புது பிராண்டு" என்றீர்கள்.

நாத்தனாரான உங்களை நங்கையா என்று கூப்பிடும் அம்மாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "நங்கையா, அப்புடியே எனக்கும் ஒண்ணு ஒட்டிப்போடுங்க. எம்மேலயும் உங்களுக்குச் சந்தேகம் இருக்குமில்லீங்க?"

"உன்னைய என்ற தம்பி கண்ணாலத்துக்கு முன்னாலயே செக் பண்ணியாச்சு. பாஸ் போட்டு உட்டேன். இனித் திருப்பி அனுப்ப முடியாது."

வாரத்துக்கு ஒரு பொருளை நிறுத்துவது என்று முடிவானது. நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, மேலே 'சந்தேகப் பட்டியல்' என்று எழுதினேன். கத்திரிக்காய் நிறுத்தம், அரிப்பு உண்டு. எண்ணெய் மாற்றம், அரிப்பு உண்டு. துணி சோப்பு மாற்றம், அரிப்பு கொஞ்சம் குறைவு, மறுபடி உண்டு. குற்றமில்லை என்று தெரிந்த பொருளிலிருந்து அம்பை உரிக்கும்போது நீங்கள் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறவர்போல ஒருமுறை துடைத்து வைப்பீர்கள்.

நடுவில் மெடிக்கலுக்கும் போனோம். கடைக்காரர் என் கழுத்தைப் பார்க்காமலேயே ஒரு ட்யூபை எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, பாக்காமயே எப்புடிங்க குடுக்கறீங்க?" என்றீர்கள்.

"அரிப்புன்னா இதுதாங்கம்மா. எல்லாருமே இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"எல்லாருக்கும் ஒரே சைசுப் பனியன் போட முடியுங்களா?"

அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. ட்யூபின் காலாவதித் தேதியைத் தேடிப் படித்தீர்கள், மூடி உடைந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள், பிறகு வாங்கினீர்கள். அங்கேதான் நாம் ஏமாந்தோம். தேதியைச் சந்தேகப்பட்ட நாம் மருந்தைச் சந்தேகப்படவில்லை. மூன்றே நாளில் தடிப்பு மாயமானது. "பாத்தயா!" என்று அம்மாவிடம் ட்யூபைத் தூக்கிக் காட்டினீர்கள். தடவுவதை நிறுத்திய வாரம் அது இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிந்தது. அதே கடையில் கொடுத்த மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் அடக்கியது. ஆனால் மறுநாள் சமூக அறிவியல் வகுப்பில் நான் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டேன்.

பள்ளியில் நடந்ததை நான் உங்களிடம் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்காருகிற சௌமியா முதலில் தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். மறுநாள் பையை. அதற்கு மறுநாள் அவளே பின் பெஞ்சுக்குப் போனாள். "எங்கம்மா ஒட்டிக்கும்னு சொன்னாங்க. கோவிச்சுக்காத" என்றாள். அப்புறம் யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான் தனியாக, கையை அசைக்க எவ்வளவோ இடத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒட்டாது என்று டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்தால் பேசிப் பார்க்கிறேன் என்றார் வகுப்பாசிரியை.

நீங்கள் கண்டுபிடித்தது என் டிபன் டப்பாவிலிருந்து. "ரெண்டு பேருக்குன்னு கட்டி உட்ட எலுமிச்சைச் சோறு பாதி அப்படியே இருக்குது. அந்தப் புள்ள எங்க?" நான் ஏதோ சொன்னேன். "பொய்யி" என்றீர்கள், டப்பாவை மூடாமலேயே. மறுநாள் அரை நாள் லீவு போட்டு என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள்.

தோல் பிரிவில் இருந்த டாக்டர் அம்மா ட்யூபைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்குது. டாக்டர் சொல்லாம இதையெல்லாம் போடக்கூடாதும்மா. யார் வாங்கினது?" நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நான் உங்களை அப்படிப் பார்த்ததில்லை.

இது ஒட்டுகிற நோய் இல்லை, ஏதோ ஒன்று தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வேறு மாத்திரை எழுதினார்; படுக்கப் போகும்போது ஒன்று, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். தூக்கம் வரும், ஆனால் அந்தப் பழைய மாத்திரை அளவுக்கு வராது. சுடுதண்ணீர் வேண்டாம். வாசனை இல்லாத சோப்பு. குளித்து ஈரம் காய்வதற்குள் களிம்பு. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். அரித்தால் சொறியாமல் ஈரத்துணியை வைத்து அழுத்த வேண்டும். "மாத்திரை அரிப்பை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். காரணம் வெளியில இருக்குது. தோல்ல படற ஒவ்வொண்ணையும் கவனிங்க."

நீங்கள் தலையை நிமிர்த்தினீர்கள். "அதத்தானுங்க டாக்டரம்மா ஊட்டுல பண்ணீட்டு இருக்கறோம்."

ஒட்டாது என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வகுப்பாசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சௌமியா திரும்பி வந்தாள். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு சாண் எனக்குத் தனிப் பெஞ்சைவிடக் கஷ்டமாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்து, தோல் சுத்தமாகாமல் அது மூடாது என்று எனக்குத் தெரிந்தது.

புரட்டாசியில் மூலனூரில் அம்மாவின் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் போனோம். உங்களுக்கு ஷிப்மெண்ட் நேரம், வரவில்லை. அங்கே கத்திரிக்காய் தின்றேன். கருவாட்டுக் குழம்பு தின்றேன். வாசனைச் சோப்பில் குளித்தேன். உப்புத் தண்ணீர்தான் அங்கேயும். சந்தேகப் பட்டியலில் இருந்த குற்றவாளிகள் எல்லாரும் அந்த வீட்டில் இருந்தார்கள். எனக்கு அரிக்கவே இல்லை. மாத்திரை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, அதனால் அதற்கும் பங்கில்லை.

திரும்பி வந்த அன்று என் தலையணை மேல் புது பனியன் ஒன்று காத்திருந்தது. கழுத்தோரம் மஞ்சளும் வைத்திருந்தீர்கள். போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தபோது சிவப்புக் கோடு வட்டமாக இருந்தது. அவ்வளவு நாளும் அதைத் தடிப்பாகத்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் அதன் வடிவத்தைப் பார்த்தேன். பனியன் கழுத்தை என் மேல் வரைந்து எடுத்தது போல இருந்தது.

மூலனூருக்கு நான் எடுத்துப் போனவை பலமுறை துவைத்த பழைய சுடிதார்கள் மட்டும்.

எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. அதனால் நீங்கள் சொன்ன முறையிலேயே பார்த்தேன். ஒரே லாட்டில், அதாவது ஒரே தொகுதியில் வந்த இரண்டு சாம்பல் நிறப் பனியன்களை எடுத்தேன். ஒன்றை மூன்று முறை அலசிக் காயவைத்தேன். இன்னொன்றை அப்படியே வைத்தேன். முதலில் அலசியது, மூன்று நாள். நோட்டில்: இல்லை, இல்லை, இல்லை. பிறகு அலசாதது, மூன்று நாள். உண்டு, உண்டு, அதிகம்.

அதை உங்களிடம் எப்படிச் சொல்வது அத்தை? உங்கள் கண்ணுக்குத் தப்பி ஒரு துணி வெளியே போகாது என்பதுதான் உங்கள் பெருமை. "நான் அம்பு ஒட்டாத எடத்துல டிபெக்ட் இருக்காது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். இது கண்ணுக்குத் தெரியாத குறை. அதை மாதாமாதம் உங்கள் கையாலேயே எனக்கு மாட்டிவிட்டிருக்கிறீர்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். நீங்கள் வேலைக்குப் போனதும் புதுப் பனியனை எடுத்து அலசி, வீட்டுக்குள்ளேயே கதவுக்குப் பின்னால் காயவைத்து, பழையபடி மடித்து வைத்தேன். உங்கள் கையை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்கியிருந்த துணியிலிருந்து ஒரு பனியனை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தீர்கள்.

"இது தண்ணி பட்ட துணி."

நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். "ஏம்மா, நான் கொண்டார துணிய நனைச்சுத்தான் ஊட்டுக்குள்ள எடுக்கோணுமா? அவரு போனதுக்கப்பறம் என்ற கையால மஞ்ச வெச்சா ஆகாதுன்னு எவளோ சொல்லிக் குடுத்துட்டாளாக்கும்?"

"ஐயோ, என்னங்க நங்கையா! நான் எதுக்குங்க அதப் போயி நனைக்கறேன்? தொவைக்கறதுக்குன்னு கெடக்கறதே ஒரு மூட்டை!"

"பின்ன தானா நனைஞ்சுதா?"

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் உங்கள் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டீர்கள். இரண்டு நாள் உங்கள் வீட்டில் தனியாகக் குக்கர் விசில் கேட்டது. அம்மா பரிமாறும்போது வழக்கம்போல நான்கு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டையும் இரண்டு சாம்பல் பனியன்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் கதவைத் தட்டினேன்.

"அத்தை, நனைச்சது நானுங்க."

நீங்கள் நோட்டை வாங்கினீர்கள். கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தீர்கள். பிறகு நிமிர்ந்து பார்த்தீர்கள். கோபம் இல்லை. செக்கிங் முகம்.

"ரெண்டும் ஒரே லாட்டா?"

"ஆமாங்க."

"நடுவுல மாத்திரை போட்டயா?"

"இல்லீங்க."

"சோப்பு மாத்துனயா?"

"இல்லீங்க. அதே சோப்புதாங்க."

"கத்திரிக்காயி?"

"ரெண்டு தடவையும் தின்னேனுங்க."

அலசாத பனியனை மடியில் விரித்தீர்கள். முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, அக்குள், கை, அடிமடிப்பு. முகர்ந்தீர்கள். மறுபடி முதலிலிருந்து பார்த்தீர்கள். ஒன்றும் தெரியவில்லை. உங்கள் முகம் மாறியது அப்போதுதான். சுருளிலிருந்து ஓர் அம்பை உரித்தீர்கள். அதைப் பனியனில் ஒட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் நெஞ்சில், சேலை மேல் ஒட்டிக்கொண்டீர்கள்.

"பீஸு மேல தப்பில்ல கண்ணு. செக்கருதான் பெயிலு."

அழுதது நான்தான். நீங்கள் அம்போடு எழுந்து எங்கள் வாசலில் போய் நின்று, "ஏம்மா, சோறு இருக்குதா?" என்று கேட்டீர்கள். அம்மா உங்களைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "இப்பத்தானுங்க நங்கையா சரியான எடத்துல ஒட்டியிருக்கறீங்க. வாங்க, ரசம் ஆறுது" என்றாள். நான்காவது தட்டை அவள் அடுக்கிலிருந்து எடுத்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, சாயமோ, துணி மென்மையாக இருக்கப் போடுகிற மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம், எதுவானாலும் புதுத்துணியை அலசாமல் போடாதே என்றார். நம் வீட்டு வழக்கத்தை நீங்களே மாற்றினீர்கள். முதலில் மூன்று அலசல், பிறகு மஞ்சள். கார்த்திகைக்குள் என் கழுத்து சுத்தமானது. மாத்திரை தேவைப்படவில்லை. ஒருநாள் கணக்கு வகுப்பில் சௌமியாவின் முழங்கை என் முழங்கையில் இடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. நான் நோட்டில் எழுதினேன்: ஒரு சாண், இல்லை.

உங்கள் சந்தேகம் மட்டும் தீரவில்லை. இன்னும் என்னவெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்று என் துணியையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். தையல் நூலின் முனை குத்துகிறதா, எலாஸ்டிக் இறுக்குகிறதா என்று கேட்பீர்கள். "லேபிளு கழுத்துல உரசுதா?" என்று ஒருமுறை கேட்டீர்கள். கொஞ்சம் என்றேன். "வெட்டீரலாங்களா?" என்று நான் கேட்டதற்கு, "லேபிளு இல்லாத பீஸ் எந்தக் கம்பெனியிலயும் பாஸ் ஆகாது" என்று மறுத்தீர்கள். வேலையில் படிந்த பழக்கம், வெட்ட உங்கள் கை ஒப்பவில்லை.

போன ஆவணியில் நெஞ்சில் வலிக்கிறது என்றீர்கள். "கேஸு கண்ணு. மத்தியானம் கடலைப் பருப்பு எச்சாப் போச்சு." இஞ்சி தட்டிப் போட்ட தண்ணீர் கேட்டீர்கள், கொடுத்தேன். பால் பாக்கெட்டிலிருந்து விபூதிவரை சந்தேகப்பட்ட நீங்கள் உங்கள் வலியைச் சந்தேகப்படவில்லை. உங்களிடம் படித்த நானும் அந்த ஒரு முறை உங்களை அப்படியே நம்பிவிட்டேன். மறுநாள் கம்பெனியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் இப்போது வீட்டில் யார் "கேஸு" என்றாலும் நான் விடுவதில்லை. எங்கே வலி, எப்போதிருந்து, கைக்குப் பரவுகிறதா என்று கேட்டுவிட்டு, டாக்டரிடம் கிளப்பிக்கொண்டு போகிறேன். போன மாதம் அப்பா, "எங்கக்கா எங்கியும் போகல" என்று முனகிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

உங்கள் தகரப் பெட்டியை அம்மா திறந்தபோது மேலாகவே ஒரு பாலிதீன் உறை இருந்தது. உள்ளே நீல நிறப் பனியன், கம்பெனி மடிப்பில். என்னுடைய அளவைவிட ஒரு சைஸ் பெரியது. அடுத்த வருடத்துக்கு என்று வைத்திருப்பீர்கள். அதை நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். பிரிக்கவில்லை. ஐந்து மாதம் அப்படியே இருந்தது.

நேற்று சோப்பு டப்பா அம்பைப் பார்த்த பிறகு உறையைப் பிரித்தேன். முதலில் முகர்ந்தேன். கம்பெனித் துணிக்கு ஒரு வாசனை இருக்கும், நமக்குத் தெரியும். இதில் அது இல்லை. நம் வீட்டுத் துணி சோப்பின் வாசனை இருந்தது. அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, அட்டை வைத்து, அதே கம்பெனி மடிப்பில் மடித்து, உறையில் போட்டிருக்கிறீர்கள். நனைத்த பிறகும் புதுத்துணியாகவே இருக்கட்டும் என்று.

உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. ரிஜெக்ட் பீஸில் ஒரு குறை இருந்தாக வேண்டும். நீங்கள் அம்பை உரித்திருந்தாலும் குறை போகாது. ஜன்னல் பக்கம் மேசையைத் தள்ளிப் போட்டு விரித்தேன். முன்பக்கம், ஓட்டை இல்லை. பின்பக்கம், கறை இல்லை. அக்குளில் தையல் சுத்தம். இரண்டு கையும் ஒரே நீளம், ஸ்கேல் வைத்து அளந்தேன். அடிமடிப்பு நேர்க்கோடு. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நல்ல பீஸை நீங்கள் கம்பெனியிலிருந்து எடுத்திருக்கவே மாட்டீர்கள். அப்படியானால் கடைக்குப் போய், முழு விலை கொடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பனியனை வாங்கியிருக்கிறீர்கள். வாங்கும்போது கடைக்காரரை எத்தனை கேள்வி கேட்டீர்களோ.

அவசரத்தில் நான் வரிசையைத் தப்பவிட்டிருந்தேன். கழுத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினேன்.

பின் கழுத்தில் லேபிள் இல்லை. பிய்த்த மாதிரியும் இல்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்து, அந்த இடத்தை அதே நீல நூலால் தட்டையாக மூடித் தைத்திருந்தீர்கள். விரல் வைத்தால்கூடத் தட்டுப்படாத தையல். பனியன் முழுவதிலும் இருந்த ஒரே குறை அதுதான். அதைச் செய்தது நீங்கள்.

சோப்பு டப்பாவிலிருந்து உரித்த அம்பு என் விரலில் இருந்தது. பசை கொஞ்சம் மிச்சமிருந்தது. எந்தக் கம்பெனி மேசையிலும் இந்த இடத்தில்தான் ஒட்டுவார்கள். கழுத்தருகே கொண்டுபோனேன். என் கை ஒப்பவில்லை. அதைச் சந்தேகப் பட்டியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

இன்று அந்தப் பனியனைப் பள்ளிச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு போனேன். தோள் கொஞ்சம் லொடலொட என்று இருக்கிறது, வளர்ந்துவிடுவேன். நாள் முழுக்க பின் கழுத்தில் எதுவும் உரசுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். கடைசி மணி அடிக்கும்வரை ஒன்றும் உரசவில்லை. சௌமியா, "என்னடி யோசனை?" என்றாள். பெஞ்சில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.